மருந்து என்றால் எந்த மருந்து?

(விஸ்வநத்தத்தில் டிசம்பர் 6 மாலை நடந்த அம்பேத்கர் நினைவுநாள் கூட்டத்தில் பேசியது. பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பேச்சு வழக்கைத் திருத்த மனம் வரவில்லை. ஆங்காங்கே அப்படியே இருக்கிறது.)

தோழர்களே, அம்மாமார்களே, வேலை முடிஞ்சு கையில ஒட்டின அலுமினியத் தூள் போறதுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கிற அக்கா மதினிமார்களே, வணக்கம்.

கூட்டம் ஏற்பாடு செஞ்ச தம்பிகள் என்னைக் கவிதை வாசிக்கச் சொன்னாங்க. கவிதை வேண்டாம்ப்பா, மயக்கம் பத்திப் பேசுறேன்னு சொன்னேன். உடனே ஒரு தம்பி, "டாஸ்மாக்கை எதிர்த்தாண்ணே?" ன்னு கேட்டான். பாத்தீங்களா, தலைப்பைச் சொன்ன உடனே மயக்கம் ஆரம்பிச்சிருச்சு.

இலக்கணத்தில் மயக்கம் என்றால் குடித்தவனுக்கு வருவது இல்லை. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வது. திணை மயக்கம், வேற்றுமை மயக்கம் என்று படித்திருப்பீர்கள். பிள்ளைகளுக்கு நல்லாத் தெரிஞ்சது மயங்கொலி. ன, ண. ர, ற. ல, ள, ழ. கேட்கிறதுக்கு ஒண்ணு போல இருக்கும், எழுதினா வேற. எனக்கு இந்தப் பாடம் ஆறாவது வகுப்பில் நடந்தது. பள்ளிக்கூடம் எதுன்னு சொல்லலை. தமிழய்யா எல்லாரையும் விலாசம் எழுதச் சொன்னார். நான் தெருப் பேரை எழுதி, காலனி என்பதற்குப் பதிலாக மூணு சுழி போட்டுக் 'காலணி' ன்னு எழுதிட்டேன். காலணின்னா செருப்பு. அவர் நோட்டைத் தூக்கிப் பிடிச்சு வகுப்புக்கே வாசிச்சார். "உனக்கு ரெண்டும் ஒண்ணுதானடா, விடு" ன்னார். பிழையைத் திருத்தவே இல்லை. அதுதான் இன்னைக்கும் எனக்கு உறுத்துது. சிரிச்சதைக் கூட மறந்துட்டேன். ஒரு வாத்தியார் பிழையைப் பாத்தும் திருத்தாம விட்டார்னா, அது பிழை இல்லைன்னு அவர் நினைச்சிருக்கார்னுதானே அர்த்தம்?

காலனி என்ற சொல்லே ரெட்டைச் சொல். சிவகாசியில் பேங்க் காலனி, ஹவுசிங் போர்டு காலனி என்றெல்லாம் இருக்கும். அங்கே வீட்டு வாடகை ஏறும். 'காலனி' ன்னு முன்னால எதுவும் சேர்க்காமச் சொன்னா அது நம்ம தெரு. வெளியூர்க்காரன் மயங்குவான். உள்ளூர்க்காரன் ஒருத்தன்கூட மயங்குனது கிடையாது. வங்கியில் கணக்கு ஆரம்பிக்க வர்றவங்க விண்ணப்பத்தை நான்தான் வாங்குறேன். விலாசக் கட்டத்தில் ஊர்ப் பேருக்குப் பிறகு காலனின்னு எழுதும்போது மட்டும் எழுத்து சின்னதாகுது. நம்ம பிள்ளைகள் சிலர் அந்தச் சொல்லையே விட்டுட்டுக் 'கிழக்குத் தெரு' ன்னு எழுதித் தர்றாங்க. ஊருக்கு எந்தப் பக்கம் கிழக்குன்னு எனக்கும் தெரியும், நான் எதுவும் சொல்றதில்லை.

2025 ஏப்ரல் 29ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: காலனி என்ற சொல் வசைச்சொல்லாக, தீண்டாமையின் குறியாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று. நல்லது. வரவேற்கிறேன். ஆனா ஒரு சங்கதி. முந்தி 'சேரி' ன்னாங்க. சேரி என்பது பழந்தமிழில் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பிராமணர் ஊருக்கே பன்னிரண்டு சேரி இருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வந்தால் பறைச்சேரி, ஈழச்சேரி, கம்மாணச்சேரி, அதோடு தீண்டாச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வச்சிருக்கான். பிறகு அந்தச் சொல் மேலே இருந்தவனைக் கழட்டி விட்டுட்டு நம்ம மேல மட்டும் ஒட்டிக்கிட்டது. சேரி கெட்டுப் போச்சுன்னு காலனி வந்தது. இப்போ காலனியும் கெட்டுப் போச்சு. அடுத்து வைக்கப் போற பேரு எத்தனை வருஷம் தாங்கும்னு பாக்கணும்.

நம்ம ஊர்ப் பேரையே எடுங்க. விஸ்வநத்தம். ஆங்கிலத்தில் எழுதினா விஸ்வநாதம்னும் வாசிக்கலாம். சிவகாசியில் விஸ்வநாதர் கோயில் வேற இருக்கா, வர்ற அதிகாரியெல்லாம் விஸ்வநாதம்னே சொல்றாங்க. ஒரு காலும் ஒரு ஒற்றும்தான் வித்தியாசம். நாதர்னா சாமி. நத்தம்னா மனுசன் குடியிருக்கிற நிலம். வருவாய்த்துறைக் கணக்கில் கிராம நத்தம்னு இருக்கும், அதில் வீடு கட்டினவனுக்கு உரிமை உண்டு. பழைய பதிவேடுகளைப் புரட்டினா சேரி நத்தம்னு தனியா வரும். மண்ணுக்குள்ளேயும் கோடு. என்னைக் கேட்டால் நத்தம்தான் நல்ல பேரு. சாமி பேரை விட வீட்டுமனை பேரு மேல்.

இன்னொரு பேர்க் கதை. இந்த மாவட்டத்திலேயே நடந்தது. எங்கப்பா சொல்லச் சொல்லக் கேட்டிருக்கேன். 1985இல் ராமநாதபுரத்தைப் பிரிச்சு உண்டான மாவட்டம் இது. காமராஜர் மாவட்டம்னு பேரு. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமா வச்சு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வச்சாங்க. கட்டபொம்மன் படையில் நின்னவர், தேவேந்திர குலத்தவர். அதே பஸ். அதே இரும்பு, அதே டயர், அதே டிரைவர். முந்தின நாள் ஏறினவன் அடுத்த நாள் ஏற மாட்டேன்னான். கல் எறிஞ்சான். தென் மாவட்டம் எரிஞ்சது, உயிர்கள் போச்சு. அரசாங்கம் என்ன செஞ்சது? எல்லாத் தலைவர் பேரையும், எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாக் கழகத்திலிருந்தும் மொத்தமா எடுத்திருச்சு. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்போதான். சமத்துவம்னு சொன்னாங்க. ஒருத்தர் பேரைச் சகிக்க முடியலைன்னு எல்லார் பேரையும் அழிக்கிறது சமத்துவமா? பாக்கிறதுக்குச் சமத்துவம் மாதிரியே இருக்கு. அதுதான் சிக்கல்.

அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று எழுதிய நூலில் இதே மாதிரி ஒரு மயக்கத்தைப் பிரிச்சுக் காட்டுறார். தீட்டு வேற, தீண்டாமை வேற. சாவு வீட்டுக்குத் தீட்டு உண்டு, பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தீட்டு உண்டு. நாள் கழிஞ்சா, தண்ணி தெளிச்சா போயிரும். தீண்டாமை நாள் கழிஞ்சு போகாது, தண்ணிக்குப் போகாது, தலைமுறை தலைமுறையா வரும். அசுத்தர் என்று தர்ம சூத்திரங்கள் சொன்னவர்களையும் தீண்டப்படாதவர்களையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு, இரண்டும் வேறு வேறு காலத்தில் தோன்றியவை என்பது அவர் வாதம். ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா, "எல்லாச் சமூகத்திலயும் தீட்டு இருக்குல்ல தம்பி" ன்னு சொல்லி முடிச்சிரலாம். எங்கிட்டயே சொல்லியிருக்காங்க, டீ குடிச்சுக்கிட்டே.

அயோத்திதாசப் பண்டிதரும் இந்த வேலையைத்தான் செஞ்சார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை ஆரம்பிச்சவர். யதார்த்த பிராமணர் வேற, வேஷ பிராமணர் வேறன்னு பிரிச்சு எழுதினார். அவர் சொன்ன வரலாற்றை எல்லாம் அப்படியே ஒத்துக்கணும்னு நான் சொல்லலை. ஆனா ஒவ்வொரு சொல்லையும் எடுத்துத் தட்டிப் பாத்தார் பாருங்க, அது நமக்கு வேணும். இன்னொண்ணு, அவர் சித்த வைத்தியர். மருந்து கொடுக்கிறவர்.

மருந்துக்கு வந்துட்டோம்.

சிவகாசிச் சுத்துவட்டாரத்தில மருந்துன்னா என்ன? தமிழ்நாட்டில் வேற எங்கேயும் மருந்து உடம்பைத் தேத்தும். பூச்சிமருந்துன்னா கொல்லும், "மருந்தைக் குடிச்சிட்டா" ன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இங்கே மருந்துன்னா வெடிக்கிறது. மருந்து கலக்கிறது, மருந்து செலுத்துறது, மணி மருந்து காய வைக்கிறது. எங்கம்மா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப சின்ன வயசு டாக்டரம்மா கேட்டாங்க, "மருந்து எடுக்குறீங்களா?" எங்கம்மா பதறிப்போய், "இல்ல டாக்டரம்மா, நான் மருந்துப் பக்கமே போறதில்ல, தாள் சுத்துற வேலைதான்" ன்னுட்டாங்க. சர்க்கரைக்கு மாத்திரையே சாப்பிடாதவங்கன்னு எழுதிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

ஆபீசும் அப்படித்தான். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். நான் வங்கி வேலைக்குச் சேர்ந்த புதுசில், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மேலாளர் ஒரு அக்காகிட்ட "என்னம்மா வேலை பாக்குறீங்க?" ன்னு கேட்டார். "பயர் ஆபீஸ்ல சார்." அவர் தீயணைப்பு நிலையம்னு நினைச்சுக்கிட்டு, அரசு ஊழியர்னு கட்டத்தில் டிக் அடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். தீயை அணைக்கிற ஆபீஸ் இல்லை சார், தீயை அடைக்கிற ஆபீஸ். எல்லாரும் சிரிச்சோம். அந்த அக்காவும் சிரிச்சாங்க. ஆபீஸ்ங்கிற சொல் நமக்குக் கொஞ்சம் கௌரவம் தந்தது, உண்மைதான். வயக்காட்டுக்குக் கூப்பிட்டா "ஏலே வாடா", ஆபீசுக்குன்னா வேன் வருது. ஆனா ஆபீஸ்னு சொல்லிச் சொல்லி, நாற்காலியும் பதிவேடும் மாசச் சம்பளமும் இல்லாத ஆபீஸ் இதுன்னு நாமே மறந்துட்டோம். பதிவேட்டுக்குப் பிறகு வர்றேன்.

மருந்து அறைக்குள்ளேயும் ஒரு மயக்கம் உண்டு. வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், வெள்ளைத் தூள். பேரியம் நைட்ரேட், வெள்ளைத் தூள். பொட்டாசியம் குளோரேட், அதுவும் வெள்ளைத் தூள். கண்ணால பாத்துப் பிரிக்க முடியாது. கந்தகத்தோட வெடியுப்பைச் சேர்த்தாலும் கவனமாத்தான் இருக்கணும், குளோரேட்டைச் சேர்த்தா லேசான உரசல் போதும். அதனாலதான் 1992 ஜனவரியில் கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிபொருளையே ஒன்றிய அரசு தடை செஞ்சது. இதே குளோரேட்தான் தீக்குச்சித் தலையில் இருக்கு. அங்கே உரசுற பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் தனியா தடவி வச்சிருக்கான். மூட்டையில் எழுதியிருக்கிற ஆங்கிலத்தை யாரு வாசிக்கிறது? படிச்ச பிள்ளை ஒண்ணு இருந்தா வாசிக்கும். படிச்ச பிள்ளையை மருந்து அறைக்கு அனுப்ப நமக்கு மனசு வராது. அப்போ அங்கே போறது யாரு?

பேரியம் நைட்ரேட்டுக்கு நம்ம பேரு பச்சை உப்பு. வெள்ளையா இருக்கிறதுக்கு ஏன் பச்சைன்னா, எரிஞ்சா பச்சை ஒளி தரும். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்சநீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டது, சரவெடிக்குத் தடை போட்டது, பசுமைப் பட்டாசு மட்டும் செய்யலாம்னு சொன்னது. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் ஒரே சொல்தான். தொலைக்காட்சியில் செய்தி வந்த அன்னைக்கு எங்க தெருவில பெரியப்பா ஒருத்தர், "பச்சைப் பட்டாசுதானே செய்யச் சொல்லியிருக்கான், அப்ப பச்சை உப்பு இன்னும் வேணுமே" ன்னு நம்பிக்கையாச் சொன்னார். நேர் எதிர். பச்சை உப்பு போடக் கூடாதுங்கிறதுதான் பசுமை. புகை குறையணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. டெல்லிக் குழந்தைகளின் நுரையீரலும் நுரையீரல்தான். ஆனா பசுமைன்னா அது வெடிக்கிறவனுக்குப் பசுமை. செய்றவனுக்குப் பாதுகாப்புன்னு அர்த்தம் இல்லை. பெட்டி மேல பச்சை முத்திரை பாத்து வாங்குறவங்க, உள்ளே இருக்கிற கையும் பத்திரமா இருக்குன்னு நினைச்சுக்கிறாங்க. ரெண்டும் வேற வேற.

பிறகு 'உராய்வு'. ஒவ்வொரு வெடிப்புக்கும் மறுநாள் பத்திரிகையில ஒரே வரி: மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக. 1991 ஜூலையில் மீனம்பட்டியில் 39 பேர். அந்தச் செய்தியைப் பாத்துத்தான் உச்சநீதிமன்றமே விசாரிச்சு, 1996 டிசம்பர் 10 தீர்ப்பில் குழந்தையை வேலைக்கு வச்ச முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டணும்னு சொன்னது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் 40 பேருக்குப் பக்கமா. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். உராய்வு என்பது எப்படி வெடித்தது என்பதற்குப் பதில். ஏன் செத்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை. ஒரு அறையில் நாலு பேர்தான் இருக்கணும்னா கூடுதலா ஆள் ஏன் இருந்தது? உரிமம் ஒருத்தர் பேரில், நடத்துறது அறை அறையா உள்குத்தகைக்கு எடுத்த வேற வேற ஆட்கள், அது எப்படி? விசாரணை அறிக்கைகளில் இதெல்லாம் திரும்பத் திரும்ப வருது. நம்ம வாயில் மட்டும் 'உராய்வு' நிக்குது.

முதலிப்பட்டியில் செத்தவர்களில் நிறையப் பேர் அங்கே வேலை பாத்தவங்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடினவங்க. சேமிச்சு வச்சிருந்தது அடுத்து வெடிச்சப்போ மாட்டிக்கிட்டாங்க. 'வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் பலி' ன்னு எழுதினாங்க. வேடிக்கை பாக்கப் போனவன் இருந்திருப்பான், இல்லைன்னு சொல்லலை. தூக்கப் போனவனும் இருந்தான். உள்ளே தன் ஆள் இருக்கான்னு ஓடினவனும் இருந்தான். செத்த பிறகு எவன் எதுக்குப் போனான்னு யாரு பிரிக்கிறது?

இப்போ பதிவேட்டுக்கும் என் தப்புக்கும் வர்றேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். சுத்திச் சுத்திப் பேசிக்கிட்டிருந்ததே தைரியம் வரட்டும்னுதான்.

2022இல் ஒரு ஆலையில் வெடிச்சது. ஆலை பேரும் ஊர் பேரும் வேண்டாம், வழக்கு நடக்குது. இறந்ததில் 25 வயசுப் பிள்ளை ஒண்ணு. கல்யாணம் ஆகலை. அப்பா முன்னமே இறந்துட்டார், அம்மா மட்டும். அரசு அறிவிச்ச முதலமைச்சர் நிவாரணம் 3 லட்சம் அந்த அம்மா கணக்கில் வரவு ஆச்சு. எங்க கிளையில்தான் கணக்கு. ஆலைத் தரப்பில் ஒன்றரை லட்சத்துக்குக் காசோலை கொடுத்து, முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிக்கிட்டாங்க. அந்த அம்மா என் கவுண்டருக்கு வந்து பாஸ்புக்கை நீட்டினாங்க. "தம்பி, பிள்ளைக்கு இழப்பீடு வந்துருச்சான்னு பாரு." நான் பாத்தேன். ரெண்டு வரவு இருந்தது. "வந்துருச்சும்மா, எல்லாம் வந்துருச்சு" ன்னேன். பின்னால வரிசை நின்னது. அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நான் பட்டதாரி. கவிதை எழுதுறவன், சொல்லைத் தேர்ந்து போடுறவன்னு நினைச்சுக்கிட்டிருக்கிறவன். நிவாரணம் வேற, இழப்பீடு வேறன்னு எனக்குத் தெரியலை.

நிவாரணம் அரசாங்கம் இரக்கப்பட்டுத் தருவது. தரலைன்னா கேட்க முடியாது. இழப்பீடு வேலை கொடுத்தவன் சட்டப்படி தந்தே ஆக வேண்டியது. 1923ஆம் வருஷத்திலிருந்தே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள்ளே போயிருச்சு, கணக்கு முறை அப்படியேதான். மாசச் சம்பளத்தில் பாதி, அதை வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால் பெருக்கணும். 25 வயசுக்கு அந்த எண் 216.91. அந்தப் பிள்ளைக்குத் தினக்கூலி 400 ரூபாய், 26 நாளைக்கு 10,400. பாதி 5,200. பெருக்கிப் பாருங்க, நான் கால்குலேட்டரில் மூணு தடவை பாத்தேன்: 11 லட்சத்து 27 ஆயிரத்து 932 ரூபாய். ஈ.எஸ்.ஐ. இருந்திருந்தா இந்த வழி இல்லை, அங்கே குடும்பத்துக்கு மாசா மாசம் வரும். அந்த ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடிச்சதே இல்லை.

இன்னும் கேளுங்க. இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்துக் கையில் கொடுக்கக் கூடாது. ஆணையரிடம் கட்டணும். பழைய சட்டத்தில் 8ஆவது பிரிவு, புதுத் தொகுப்பிலும் அப்படியே இருக்கு. கையில் கொடுத்தது இழப்பீட்டுக் கணக்கில் சேராது. "இனி எதுவும் கேட்க மாட்டேன்" ன்னு எழுதி வாங்கினாலும் பழைய சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி அது செல்லாது. அந்த முத்திரைத்தாள் வெறும் தாள். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டிய நான் "எல்லாம் வந்துருச்சு" ன்னுட்டேன்.

2024 கடைசியில் ஒரு தொழிற்சங்க வக்கீல் தோழரோடு பேசிக்கிட்டிருந்தப்போதான் எனக்கு விளங்குச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கலை. ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து குழாய்க்குத் தாள் சுத்திக்கிட்டிருந்தாங்க. பிள்ளையை எடுத்துக்கிட்ட அதே தொழில். விஷயத்தைச் சொன்னேன். ஏசுவாங்கன்னு எதிர்பாத்தேன். "நீதானப்பா வந்துருச்சுன்ன. பேங்க்ல இருக்கிற நம்ம பையனே சொல்லிட்டான், இனி எதுக்கு அலையணும்னு இருந்துட்டேன்" ன்னாங்க. நம்ம பையன். அந்தச் சொல்லைத்தான் என்னால தாங்க முடியலை. வேற சாதிக்காரன் கவுண்டரில் இருந்திருந்தா நம்பாம இன்னொரு இடத்தில் கேட்டிருப்பாங்க. நம்மாளுன்னு நம்பி விட்டுட்டாங்க. நம்மாள் உட்கார்ந்திருக்கிறதையும் நம்ம காரியம் நடக்கிறதையும் நாம ஒண்ணுன்னு எடுத்துக்கிறோம்.

பழைய சட்டத்தின் 10ஆவது பிரிவு, ரெண்டு வருஷத்துக்குள்ளே மனுப் போடச் சொல்லுது. ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. தகுந்த காரணம் காட்டினா ஆணையர் தாமதத்தை மன்னிக்கலாம். 2025 தொடக்கத்தில் மனுப் போட்டோம். தாமதத்துக்குக் காரணம்னு என் பேரையே எழுதச் சொன்னேன். வக்கீல் தோழர் யோசிச்சார், உன் வேலைக்குச் சிக்கல் வருமேன்னார். எழுதியாச்சு. எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னா, அந்தப் பேரில் தங்களிடம் ஆளே வேலை பாக்கலைன்னு. பதிவேட்டில் அந்தப் பேரு இருக்கு, ஆனா அது அதே பேருள்ள இன்னொரு பொண்ணாம். நம்ம பக்கம் ஒரு தெருவுக்கு நாலு மாரியம்மா. இனிஷியலும் ஒண்ணாப் போகும். வங்கியில நான் தினமும் அல்லாடுறதுதான். அவங்களுக்கு அது வசதியாப் போச்சு. கூடவே வேலை பாத்த ரெண்டு பேர் சாட்சிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. வந்தா அவங்க வேலை போகும்னு தெரிஞ்சே சொல்லியிருக்காங்க. மனு இன்னும் நிலுவையில் இருக்கு. பிப்ரவரியில் வாய்தா.

பேர் பத்தி ஒரு வார்த்தை, மனசில் கிடக்கு, சொல்லிடுறேன். 1921இல் சென்னை அரசாங்கம் பழைய இழிபெயரை எடுத்துட்டு நாடார்னு பதிய ஒத்துக்கிட்டது. அடுத்த வருஷம், 1922இல், அதே அரசாங்கம் பறையர் பஞ்சமர்ங்கிறதை எடுத்துட்டு ஆதிதிராவிடர்னு ஆணை போட்டது. எம்.சி. ராஜா சட்டசபையில் பேசி வாங்கினது. ஒரு வருஷ வித்தியாசத்தில் ரெண்டு பேர். அவங்களும் அடிபட்டவங்கதான், மறுக்கலை. 1899இல் சிவகாசியில் கோயில் நுழைவுச் சண்டையில் இதே ஊரைக் கொளுத்தினாங்க. ஆனா அதே 1921இல் அவங்க தூத்துக்குடியில் ஒரு வங்கியே ஆரம்பிச்சாங்க, நாடார் வங்கின்னு. அடுத்த ஓரிரு வருஷத்திலேயே சிவகாசியிலிருந்து ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. பேரோடு காசும் கடையும் சேர்ந்து வந்தது. நமக்குப் பேரு மட்டும் வந்தது. ஆதிதிராவிடர், ஹரிஜன், அட்டவணை, தலித். நானும் தலித்னு எழுதுறவன்தான், அந்தச் சொல் எனக்கு முதுகெலும்பு கொடுத்தது. ஆனா அந்தத் திண்ணையில் அந்த அம்மா முன்னாடி நின்னப்போ, சொல் கையில இருக்கு, 11 லட்சத்து 27 ஆயிரம் கையில இல்லைங்கிறது மட்டும்தான் நினைப்பில் இருந்தது.

அக்காமார்களே, உங்ககிட்ட ரெண்டு கேட்கிறேன். ஒண்ணு, நீங்க வேலை பாக்கிற இடத்தில் உங்க பேரு பதிவேட்டில் இருக்கான்னு பாருங்க. இருந்தா அப்பா பேரும் ஆதார் எண்ணும் பக்கத்தில் இருக்கான்னு பாருங்க. காட்ட மாட்டேன்னா, சம்பளம் வாங்குற அன்னைக்குத் தேதியும் தொகையும் உங்க வீட்டு நோட்டிலயாவது எழுதி வைங்க, பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை எழுதினது நாளைக்குச் சாட்சி. இன்னொண்ணு, உங்க சொந்தபந்தத்தில் யாராவது வெடிப்பில் போயிருந்து, "எல்லாம் வந்துருச்சு" ன்னு யாராவது சொல்லியிருந்தா, அது நானாவே இருந்தாலும், பாஸ்புக்கை எடுத்துட்டு வாங்க. வரவுக்கு நேரா எங்கிருந்து வந்ததுன்னு எழுதியிருக்கும். ஆணையர் அலுவலகத்திலிருந்து வந்ததா இல்லையான்னு பாத்துருவோம்.

வக்கீல் தோழரும் வந்திருக்கார். கூட்டம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் அந்த வேப்ப மரத்தடியில மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கடைசி பஸ் ஒன்பதரைக்குங்கிறாங்க, அதுக்கப்புறம் என் வண்டி இருக்கு, அவசரம் இல்லை. முதல்ல சாப்பிட்டுட்டு வாங்க.

ஜெய்பீம்.